ஸ்பீக்கர் ஒயருக்கு எவ்வளவு செலவழிக்கலாம்? வாங்கும் முன் வீட்டிலேயே சோதிப்பது எப்படி

ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), ஸ்பீக்கர் இரண்டையும் வாங்கி முடித்ததும் அடுத்த கேள்வி ஒயர். எலக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவதும் ஒயர்தான். கண்ணாடி அலமாரியில் லட்ச ரூபாய்க்கு மேல் விலை போட்டு வைத்திருப்பதும் ஒயர்தான். 2007-ல் அமெரிக்காவில், பொய்யான அற்புதங்களை அம்பலப்படுத்தி வந்த மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி ஒரு சவால் விட்டார். 7,250 டாலர் விலையுள்ள ஒரு ஸ்பீக்கர் ஒயரைச் சாதாரண ஒயரிலிருந்து காதால் மட்டுமே பிரித்துச் சொன்னால் 10 லட்சம் டாலர் பரிசு. அந்தச் சோதனை கடைசிவரை நடக்கவே இல்லை. உங்கள் வீட்டில் நீங்கள் நடத்தலாம். நல்ல ஒயர் எது என்று கண்டுபிடிப்பதிலிருந்து தொடங்குவோம்.

படி 1: தூரத்தை அளந்து கணக்குப் போடுங்கள்

ஸ்பீக்கர் ஒயரில் முதலில் பார்க்க வேண்டியது மின்தடை. ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் வரை ஒயர் சுவரோரமாகப் போகும் வழியில் அளந்துகொள்ளுங்கள். போக ஒன்று, வர ஒன்று என்பதால் அதை இரண்டால் பெருக்குங்கள். 5 மீட்டர் என்றால் கணக்குக்கு 10 மீட்டர்.

செம்பு ஃப்ளெக்சிபிள் ஒயரில் 10 மீட்டருக்குத் தோராயமாக வரும் மின்தடை இது: 0.5 ஸ்கொயர் எம்எம் (ஒயரின் தடிமனைச் சொல்லும் குறுக்குவெட்டுப் பரப்பு) என்றால் 0.39 ஓம், 1.5 என்றால் 0.13 ஓம், 2.5 என்றால் 0.08 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இவற்றால் குறையும் ஒலி முறையே 0.4, 0.14, 0.09 டெசிபல். மெக்கின்டாஷ் ஆய்வகத்தில் ஸ்பீக்கர் வடிவமைத்த ரோஜர் ரசல் சொன்ன வரம்பு எளிது: ஒயரின் மின்தடை ஸ்பீக்கர் ஓம்ஸில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 8 ஓமுக்கு 0.4 ஓம், 4 ஓமுக்கு 0.2 ஓம். சாதாரண ஹாலுக்கு 1.5 ஸ்கொயர் போதும். 4 ஓம் ஸ்பீக்கரோ நீண்ட தூரமோ என்றால் 2.5 போடுங்கள்.

படி 2: செம்பு ஒயரா என்று உறுதிப்படுத்துங்கள்

என் தேர்வு ஐஎஸ் 694 (ஒயருக்கான இந்தியத் தரநிலை) முத்திரை உள்ள இரண்டு கோர் செம்பு ஃப்ளெக்சிபிள். ஃபினோலெக்ஸ், பாலிகேப், ஹாவெல்ஸ் எதுவானாலும் சரி. 'ஸ்பீக்கர் கேபிள்' என்று பெயர் போட்டு ஆன்லைனில் மலிவாக வரும் கண்ணாடித்தோல் ஒயர்களில் பல, அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு கொடுத்தவை. அவற்றின் மின்தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். கையில் தூக்கினாலும் தக்கையாக இருக்கும்.

படி 3: முனைகள்

பத்து மில்லிமீட்டர் தோலை மட்டும் உரியுங்கள். இழைகளைக் கடிகாரச் சுற்றில் முறுக்குங்கள். ஒரே ஓர் இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் ஆம்பின் அவுட்புட் போய்விடலாம். ஒயர் முனையில் மாட்டி டெர்மினலில் செருகும் பனானா பின்னை, ஸ்க்ரூ வைத்ததாகப் பார்த்துப் போட்டால் இந்தப் பயமே இல்லை. தங்கப்பூச்சுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

பிளஸ், மைனஸ் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றில் மட்டும் மாறினால் பேஸ் காணாமல் போகும். பாடகர் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கப் பரவும். "ஒயர் சரியில்லை" என்று விலை உயர்ந்ததற்கு மாறி, இந்த முறை சரியாக மாட்டி, "அடேயப்பா, என்ன வித்தியாசம்!" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். சரிபார்க்க, ஆம்ப் பக்கத்து முனைகளைக் கழற்றி, 1.5 வோல்ட் பென்டார்ச் பேட்டரியில் ஒரு கணம் தொடுங்கள். பேட்டரியின் பிளஸ்ஸை நீங்கள் பிளஸ் என்று நினைக்கும் ஒயரில் வையுங்கள். வூஃபரின் (பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கர்) கூம்பு வெளியே தள்ளினால் சரி, உள்ளே போனால் மாறியிருக்கிறது. வலைத்துணியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், அசைவு சின்னதாகத்தான் இருக்கும்.

படி 4: கண்ணை மறைத்துக் கேளுங்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான், இதை விரிவாகச் சொல்கிறேன்.

பெட்டியோடு வரும் மெல்லிய ஒயரைக் கழற்றிவிட்டுத் தடிமனான விலை உயர்ந்த ஒயரை மாட்டினால் சத்தம் 0.3 டெசிபல்போல் கூடும். இவ்வளவு சின்ன ஏற்றம் காதுக்குச் சத்தமாகத் தெரியாது; 'தெளிவு', 'உயிர்ப்பு' என்றுதான் தெரியும். ஆகவே விலை உயர்ந்த ஒயருக்கு எதிராக, அதே தடிமனுள்ள சாதாரணச் செம்பு ஒயரை நிறுத்துங்கள்.

இரண்டும் ஒரே அளவு சத்தம் தருகின்றனவா என்று மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். மஞ்சள் நிறச் சாதாரண மீட்டர் இதற்கு உதவாது. அதில் ஏசி 200 வோல்ட், 750 வோல்ட் என்று இரண்டே ரேஞ்ச், ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே காட்டாது. ஆட்டோ ரேஞ்ச் மீட்டரைக் கடன் வாங்குங்கள். 100 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் டெர்மினலில் 2 வோல்ட் வருமாறு வால்யூம் வைத்து, ஒயரை மாற்றி மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு அளவுக்கும் இடைவெளி 0.02 வோல்ட்டுக்குள் இருந்தால் சத்த வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள். 1 கிலோஹெர்ட்ஸ் டோன் வேண்டாம், பல மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டுவதில்லை.

பிறகு ஸ்பீக்கருக்குப் பின்னால் நண்பர் ஒருவர். அவர் காசு சுண்டி, தலையா பூவா பார்த்து ஒயரை மாட்டட்டும். மாற்றாவிட்டாலும் கழற்றி மாட்டும் சத்தம் கேட்கட்டும். ஒரே பாட்டின் ஒரே இருபது விநாடி. 16 முறையில் 12 சரியாகச் சொன்னால், குருட்டாம்போக்கில் அப்படி அமைய 4 சதவீதம்கூட வாய்ப்பில்லை. அப்படிப் பிடித்தால் தாராளமாக வாங்குங்கள். என்னால் பிரிக்க முடியவில்லை. மிச்சமான காசு ஸ்பீக்கருக்குப் போனது. அறைக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள்: அறையின் ஒலியை அளக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருள் இலவசம், ஒரு அளவீட்டு மைக் இருந்தால் ஸ்பீக்கரை அரை அடி நகர்த்தினாலே பேஸ் எவ்வளவு மாறுகிறது என்று திரையில் காட்டிவிடும்.

பின்சேர்க்கை: கருத்துகளில் வந்த கேள்விகளுக்காக

எச்டிஎம்ஐ கேபிளிலும் விலை முக்கியமா: படமும் ஒலியும் எண்களாகப் போகின்றன. கேபிள் மோசமானால் திரையில் புள்ளி மின்னும், ஒலி விட்டுவிட்டு வரும். பேஸ் குறைவதெல்லாம் நடக்காது. 4கே-யில் 120 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' சான்று முத்திரை பாருங்கள், அது போதும்.

ரெக்கார்ட் பிளேயர்: இங்கே ஒயர் உண்மையிலேயே பேசும். மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் (ஊசியோடு காந்தம் அசையும் வகை) என்றால் ஒயரின் கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்குத் திறன்) உச்ச ஸ்தாயியின் சமநிலையை மாற்றும். விலையைப் பார்க்காமல், மீட்டருக்கு எத்தனை பிகோஃபாரட் (கெப்பாசிட்டன்ஸின் அலகு) என்று பாருங்கள். குறைந்த நீளம், நல்ல ஷீல்டு.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல்: செட்டாப் பாக்ஸுக்கு வரும் ஆன்டெனா ஒயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது எர்த் லூப், அதாவது இரண்டு எர்த் பாதைகள் ஒன்றுசேர்ந்து உண்டாகும் மின்சுற்று. விலை உயர்ந்த ஆர்சிஏ ஒயர் இதைத் தீர்க்காது. பிளக்கின் எர்த் பின்னை மட்டும் உடைத்துவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் டிவியிலிருந்து ஆம்புக்கு மலிவான ஆப்டிகல் கேபிள் போடுங்கள். அதில் மின்தொடர்பே கிடையாது என்பதால் லூப் அங்கேயே அறுந்துவிடும்.