பழைய ஃபிலிம் கேமரா வாங்குறப்ப பண்ணக் கூடாத தப்புகள்

பென்டாக்ஸ் கே1000 நல்லதா, கேனான் ஏஇ-1 நல்லதா, ஒலிம்பஸ் ஓஎம்-1 நல்லதா? இந்த ஒரே கேள்விய இந்த மாசத்துல மட்டும் நாலு பேர் என்கிட்ட கேட்டுட்டாங்க. நாலு பேருமே கேக்குறதுக்கு முன்னாடியே ஏதோ ஒண்ண வாங்கியும் முடிச்சிட்டாங்க. 12 வருஷம் முன்னாடி நான் செஞ்ச அதே தப்ப அச்சு பிசகாம அவங்களும் செய்றத பாத்தா மனசு கேக்க மாட்டேங்குது, அதான் உக்காந்து எழுதிட்டேன். லென்ஸ் மூடிய கழட்டாம எடுக்கிறது, ஃபிலிம் உள்ள இருக்கப்பவே பின்கதவ திறக்கிறது, இதெல்லாம் ஒருதடவை பட்டா ஜென்மத்துக்கும் மறக்காது, அதப்பத்தி பேசப் போறதில்ல. காசையும் படத்தையும் சேத்து முழுங்குற தப்புங்கள மட்டும் சொல்றேன்.

மாடல ஒப்பிட்டு, கையில இருக்கிற பீஸ பாக்காம விடுறது

இதான் பெரிய தப்பு. இன்னிக்கும் யாராவது இத செஞ்சா எனக்கு எரிச்சல் வந்துடும்.

பென்டாக்ஸ் கே1000 வந்தது 1976-ல, 1997 வரைக்கும் விட்டாங்க. கேனான் ஏஇ-1 வந்ததும் அதே 1976 தான். ஒலிம்பஸ் ஓஎம்-1 அதுக்கும் முன்ன, 1972-ல எம்-1ங்கிற பேர்ல வந்து அடுத்த வருஷமே பேர் மாறுச்சு. ஆக நாம பேசுறது 40, 50 வயசு ஆன மெஷின்களப் பத்தி. ஆனா ஒப்பிடுறப்ப மட்டும் எல்லாம் நேத்து தான் டப்பா பிரிச்ச மாதிரி, இதுல 1/1000 செகண்ட் வரைக்கும் ஷட்டர் ஸ்பீடு (வெளிச்சத்த உள்ள விடுற நேரம்) இருக்கு, அதுல 1/4000 வரைக்கும் இருக்குன்னு பட்டியல் போடுறோம். ஒரு கே1000 வாரா வாரம் ஓடியிருக்கும், இன்னொரு கே1000 முப்பது வருஷமா பீரோ அடியில கெடந்திருக்கும், ரெண்டுக்கும் பேர் மட்டும் தான் ஒண்ணு.

என்னோட கதைய சொல்றேன். நான் முதல்ல வாங்குனது துணி ஷட்டர் வச்ச ஒரு எஸ்எல்ஆர், அதாவது லென்ஸ் வழியாவே பாத்து எடுக்கிற கேமரா. வித்தவரு எனக்கு முன்னாடியே பத்து தடவை லீவர இழுத்து இழுத்து அடிச்சு காமிச்சாரு, "பாருங்க, எவ்ளோ சுத்தமா அடிக்குது"ன்னாரு, எனக்கும் அந்த டப்புங்கிற சத்தம் காதுக்கு அவ்ளோ பிடிச்சு போச்சு. மறுநாளே ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் போட்டேன். பாட்டி வெயில்ல உக்காந்து தலைய உலத்திக்கிட்டு இருந்தாங்க, ஈர முடி ஒவ்வொரு இழையா வெள்ளியா மின்னுச்சு. நல்ல வெயில், அப்பர்ச்சர் (லென்ஸ் துவாரம்) எஃப் 11, ஸ்பீடு 1/1000, ஒரு ஏழெட்டு படம் எடுத்தேன். கழுவி வந்தப்ப ஒவ்வொரு படத்துலயும் ஒரு ஓரம் மெல்ல மெல்ல மங்கி கடைசியில முழு இருட்டு, பாட்டியோட முகம் இருந்தது அந்த ஓரத்துல. நான் லேபு மேல தான் தப்புன்னு நெனச்சு அடுத்த ரோல வேற லேபுல குடுத்தேன், அதுலயும் அதே கருப்பு, அப்புறம் ஃபிலிம் மேல சந்தேகப்பட்டு மூணாவது ரோல். மூணு ரோல் காசும் போச்சு, கழுவுன காசும் போச்சு, அந்த வெயிலும் அந்த முகமும் திரும்பி வரல.

என்ன ஆச்சுன்னா, துணி ஷட்டர்ல ரெண்டு திரை இருக்கும். முதல் திரை ஓடி வழிய திறக்கும், ரெண்டாவது திரை பின்னாடியே ஓடி வந்து மூடும். 1/1000-ல ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடுக்கு ரெண்டு மூணு மில்லிமீட்டர் தான், அந்த இடுக்கு ஃபிலிம் மேல ஓடுறதுல தான் படமே பதியுது. உள்ள இருக்கிற பழைய கிரீஸ் கெட்டியாகி முதல் திரை லேசா தயங்குச்சுன்னு வைங்க, ரெண்டாவது திரை பாதி வழியிலயே அத எட்டி புடிச்சிடும். இடுக்கு அங்கயே மூடிடும், அதுக்கு மேல வெளிச்சமே இல்ல. இதுல கொடுமை என்னன்னா சத்தம் அதே சத்தம் தான், டப்புன்னு தான் வரும். காத வச்சு 1/1000 சரியா இருக்கான்னு யாராலயும் சொல்ல முடியாது.

போன மாசம் ஒரு தம்பி வந்தான், கையில பழைய கேமரா. "அண்ணே சத்தம் சூப்பரா வருதுண்ணே." நான் பின்கதவ திற, லென்ஸ கழட்டு, பளிச்சுன்னு இருக்கிற ஜன்னல பாத்து பிடின்னேன். 1/1000 வச்சு அடிக்கச் சொல்லி பின்னாடி இருந்து பாத்தேன். சரியா இருந்தா அந்த செவ்வகம் முழுக்க ஒரே மாதிரி பளிச்சுனு ஒரு மின்னல் தெரியணும். இதுல ஒரு ஓரம் மின்னவே இல்ல. அவன் பாத்துட்டு பேசவே இல்ல. "இன்னும் அஞ்சாறு தடவை அடிச்சு பாக்கட்டுமாண்ணே"ன்னான். அடிச்சான், சரியாயிடுச்சு. அவன் முகம் மலந்துடுச்சு, எனக்கு தான் பக்குனு ஆச்சு, ஏன்னா ஏமாத்துறதே அந்த இடம் தான். ரொம்ப நாள் சும்மா கெடந்த ஷட்டர் பத்து தடவை ஓடுனா கொஞ்சம் இளகி ஒழுங்கா ஓடும், ஒரு வாரம் அலமாரில வச்சு எடுத்தா மறுபடியும் பழைய குருடி கதவ திறடி தான். அதனால விக்கிறவரு நமக்காக அடிச்சு காட்டுற பத்தாவது கிளிக்க நம்பாதீங்க. அவர் கை வைக்கிறதுக்கு முன்னாடி, ஓய்வுல இருந்து எழுந்த முதல் கிளிக்க நீங்களே அடிச்சு நீங்களே பின்னாடி இருந்து பாருங்க. எவ்ளோ கூச்சமா இருந்தாலும் கேட்டு வாங்கி பாருங்க, நல்ல பீஸ் வச்சிருக்கவங்க யாரும் இதுக்கு கோச்சுக்க மாட்டாங்க.

அப்படியே அந்த பக்கம் 1 செகண்டும் வச்சு பாருங்க. உள்ள சின்ன சின்ன பல் சக்கரம் ஸ்ர்ர்ர்னு ஓடுற சத்தம் ஒரே சீரா கேக்கணும், நடுவுல இழுத்து இழுத்து நின்னா அங்கயும் எண்ணெய் உறைஞ்சிருக்குன்னு அர்த்தம். செல்ஃப் டைமர மட்டும் தொடாதீங்க, பல வருஷம் ஓடாத டைமர முறுக்கிவிட்டா பாதியில சிக்கி ஷட்டரையும் சேத்து கட்டிப் போட்டுடும்.

இதெல்லாம் கேமரா செத்து போச்சுன்னு அர்த்தம் இல்ல. கழட்டி, சுத்தம் பண்ணி, புது எண்ணெய் விட்டு, ஸ்பீட சரி பண்ணா இன்னும் பல வருஷம் ஓடும். ஆனா அந்த சர்வீஸ் காசையும் வெலையோட சேத்து தான் ரெண்டு கேமராவ ஒப்பிடணும். சர்வீஸ் பண்ணி வச்சிருக்கிற ஒரு மினோல்டா எஸ்ஆர்டி-101, சர்வீஸே பாக்காத ஒரு நிக்கான் எஃப்எம்2-வ விட எனக்கு எப்பவும் ஒசத்தி தான்.

இப்ப கிடைக்காத பேட்டரிக்கு செஞ்ச கேமரா

ஓஎம்-1, எஸ்ஆர்டி-101, கேனோனெட் க்யூஎல்17 இதெல்லாம் 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரிக்கு செஞ்சது, மெர்குரிய தடை பண்ணிட்டாங்க. அதே சைஸ்ல 1.5 வோல்ட் ஆல்கலைன் உள்ள போகும், வெளிச்சம் அளக்குற மீட்டரோட முள்ளும் ஆடும், அதனாலயே எல்லாரும் ஏமாந்து போறாங்க. மீட்டர் இருக்கிற வெளிச்சத்த விட அதிகமா காட்டும், நீங்க அத நம்பி எடுத்தா நெகட்டிவ் வெளுத்து போயி நிழல்ல ஒண்ணுமே இருக்காது. போதாக்கொறைக்கு ஆல்கலைன் தீரத் தீர வோல்ட்டேஜ் இறங்கிக்கிட்டே வரும், அதனால தப்பும் ஒரே அளவா இருக்காது, இவ்வளவு குறைச்சு வச்சா சரின்னு கணக்கு போட முடியாது. காது கேக்குற மெஷினுக்கு போடுற 675 ஜிங்க் ஏர் பேட்டரி 1.4 வோல்ட் பக்கத்துல வரும், ஒரு ரப்பர் வளையம் சுத்தி வச்சா போதும், சில வாரம் தாங்கும். நீண்ட நாளைக்குன்னா வோல்ட்டேஜ குறைக்கிற டயோடு வச்ச அடாப்டர், அதுல சில்வர் ஆக்சைடு பேட்டரி. பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்குக்கு இந்த தலைவலி இல்ல, அதோட சர்க்யூட் அமைப்பு வோல்ட்டேஜ் கொஞ்சம் ஏறி இறங்குனாலும் சமாளிச்சிடும்.

பேட்டரி இல்லாம என்ன ஆகும்னும் கேளுங்க. கே1000, ஓஎம்-1, எஃப்எம்2 மூணுலயும் மீட்டர் மட்டும் தான் போகும், எல்லா ஸ்பீடும் அடிக்கும். ஏஇ-1 அடிக்கவே அடிக்காது. யாஷிகா எலக்ட்ரோ 35-ல 1/500 மட்டும் தான் மிஞ்சும். கே1000-ல மீட்டருக்கு தனி சுவிட்சே கிடையாது, லென்ஸ் மூடிய போட்டு வச்சா தான் பேட்டரி தாங்கும்.

லென்ஸ் குடும்பத்த பாக்காம பாடிய புடிக்கிறது

பாடி ஒண்ணு தான் வாங்குவீங்க, லென்ஸ் தான் சேந்துக்கிட்டே போகும். கேனான் எஃப்டி லென்ஸ் அருமையானது, ஆனா 1987-ல இஎஃப்ங்கிற புது மவுண்ட் (பாடில லென்ஸ் மாட்டுற வளையம்) வந்ததும் அந்த பழைய மவுண்ட அப்படியே விட்டுட்டாங்க, இன்னிக்கு டிஜிட்டல் எஸ்எல்ஆர்ல அத போடுறது பெரும் பாடு. நிக்கான் எஃப் மவுண்ட் 1959-ல இருந்து வருது, அதனால எல்லாமே எல்லாத்துலயும் ஏறும்னு ஒரு நினைப்பு இருக்கு, அது சரி இல்ல. 1977-க்கு முந்தைய பழைய லென்ஸ எஃப்எம்-ல போடலாம், மவுண்ட் ஓரத்துல இருக்கிற சின்ன நெம்புகோல மடக்கி விட்டுக்கலாம். எஃப்எம்2-ல அது மடங்காது. தெரியாம அழுத்தி திருப்பினா அந்த நெம்புகோல் தான் அடி வாங்கும். பேர் ஒரு எண் தான் வித்தியாசம், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வச்சா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அந்த ஒரு விஷயத்துக்காகவே பழைய லென்ஸ் நெறைய வச்சிருக்கிறவங்களுக்கு எஃப்எம் தான் பொருத்தம்.

லென்ஸ டார்ச் அடிச்சு பாருங்க. சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா பூஞ்சை, வேணாம்.

வியூஃபைண்டர்ல கண்ண வைக்காமலே முடிவு பண்றது

எடை, ஸ்பீடு, வருஷம் எல்லாம் படிச்சிடுறோம், நாள் முழுக்க நாம கண்ண வச்சு பாக்கப் போற ஜன்னல மட்டும் பாக்குறதில்ல. ஓஎம்-1-ல 50 எம்எம் லென்ஸ் போட்டா வெறும் கண்ணுல தெரியுறதுல 0.92 மடங்கு சைஸுக்கு தெரியும், படத்துல விழப்போறதுல 97 சதவீதம் தெரியும், 510 கிராம் சின்ன உடம்புக்குள்ள இவ்ளோ பெரிய ஜன்னல எப்படி வச்சாரோ அத வடிவமைச்ச மைடானி! எஃப்எம்2-ல 0.86, 93 சதவீதம். இருட்டுன வீட்டுக்குள்ள ஃபோகஸ் பண்றப்ப இந்த வித்தியாசம் தெரியும். எனக்கு பிடிச்சது எதுன்னு கேட்டா ஓஎம்-1 தான். ஷட்டர் ஸ்பீடு வளையம் லென்ஸோட அடியிலயே சுத்தி இருக்கும், அப்பர்ச்சர் வளையம் முன்னாடி, ஃபோகஸ் நடுவுல, எல்லாம் இடது கை விரல் மட்டும் போதும், கண்ண எடுக்கவே வேணாம். மேல இருக்கிற டயலுக்கு பழகுனவங்களுக்கு முதல் ரெண்டு ரோல் கை தடுமாறும், அப்புறம் சரியாயிடும். ஆனா ஓஎம்-1 வாங்குறவங்க வியூஃபைண்டருக்குள்ள கருப்பா அரிச்ச மாதிரி கறை இருக்கான்னு பாருங்க, வியூஃபைண்டருக்கு படத்த திருப்பி விடுற ப்ரிஸம் கண்ணாடி பக்கத்துல வச்ச ஸ்பாஞ்ச் கரைஞ்சு வெள்ளிப் பூச்ச தின்னுடும். படத்துல அது விழாது, கண்ணுக்கு தான் உறுத்திக்கிட்டே இருக்கும்.

லைக்கா எம்3 ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, அதாவது லென்ஸ் வழியா பாக்காம தனி ஜன்னல் வழியா பாத்து ஃபோகஸ் பண்றது. அதுல ஜன்னல் 0.91 மடங்கு, ரெண்டு கண்ணையும் திறந்து வச்சே எடுக்கலாம். ஆனா படம் எது வரைக்கும் விழும்னு காட்டுற கோடு அதுல 50, 90, 135 எம்எம் லென்ஸுக்கு மட்டும் தான். 35 எம்எம் தான் உங்க கண்ணுன்னா எம்3 பேருக்காக வாங்கி வருத்தப்படாதீங்க.

கிட்டப்போய் எடுக்கிறவங்க ரேஞ்ச்ஃபைண்டர் வாங்குறது

பெரும்பாலும் 70 சென்டிமீட்டர்ல இருந்து 1 மீட்டர் வரைக்கும் தூரம் வேணும். அதுக்கு கிட்ட ஃபோகஸ் ஆகாது.

பின்கதவு ஸ்பாஞ்ச்

வெளிச்சம் புகாம அடைக்கிற ஸ்பாஞ்ச் பிசுபிசுன்னு கையில ஒட்டுதா? மாத்திட்டு ஃபிலிம் போடுங்க.

எலக்ட்ரானிக் காம்பாக்ட்

எல்லாத்தையும் தானா பண்ற சின்ன கேமராக்கள்ல உள்ள சர்க்யூட் போர்டு போனா ரிப்பேர் ரொம்ப கஷ்டம். பேருக்காக பெரிய காச அதுல போடாதீங்க.

முதல் ரோல முக்கியமான நாளுக்கு வைக்கிறது

முதல் ரோல் கேமராவுக்கு, உங்களுக்கு இல்ல. வெயில் விழுற ஒரே நிறச் சுவரு ஒண்ண பாருங்க, 1/1000-ல ஆரம்பிச்சு ஒவ்வொரு ஸ்பீடா இறங்குங்க, அதுக்கு தகுந்த மாதிரி அப்பர்ச்சர மூடிக்கிட்டே வாங்க, ஒவ்வொண்ணையும் நோட்டுல எழுதி வைங்க. எல்லா நெகட்டிவும் ஒரே அடர்த்தியா வரணும், ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும்.

அந்த தம்பிக்கும் இதத்தான் செய்ய சொன்னேன். நெகட்டிவ கொண்டு வந்தான், ஜன்னல் வெளிச்சத்துல தூக்கி பிடிச்சு பாத்தோம். 1/1000-ல ஓரம் கண்ணாடி மாதிரி வெறுமையா இருந்துச்சு, 1/500-ல கொஞ்சம், 1/250-ல இருந்து கீழ எல்லாம் சுத்தம். சர்வீஸுக்கு வரிசையில நிக்குது அவன் கேமரா, முறை வர ரெண்டு மாசம் ஆகும். அது வரைக்கும் 100 ஃபிலிம் போட்டு வெயில்ல எஃப் 11, 1/250-லயே எடுக்கிறான், டயல்ல 500-உம் 1000-உம் மறையுற மாதிரி சின்னதா டேப் ஒட்டி வச்சிருக்கான்.