பம்ப் அடிக்கடி ஓடி நின்றால், முதலில் பிரஷர் டேங்க்கைச் சோதியுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில், செம்பனைத் தோட்டங்களை ஒட்டியுள்ள தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள் பலவற்றில், கூரைக்கடியில் இருக்கும் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் குளியலறைக் குழாயில் மெலிந்துதான் விழுகிறது. தொட்டியின் நீர்மட்டம் குழாயைவிட ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறத்தாழ 0.1 பார் அழுத்தமே கிடைக்கும். ஒற்றைத் தள வீட்டில் இரண்டு மீட்டர் உயரம் இருந்தாலும் அது 0.2 பாரைத் தாண்டாது. வெந்நீர்க் கருவிகள் பலவற்றுக்கு இந்த அழுத்தம் போதாது. அதனால் பம்பும் பிரஷர் டேங்க்கும் பொருத்துகிறோம். அவை கோளாறு செய்யும்போது முதலில் பழி சுமப்பது மோட்டார்தான். ஆனால் குழாயைத் திறந்ததும் ஓடுவதும் சில விநாடிகளில் நிற்பதும் மறுபடி ஓடுவதுமாகப் பம்ப் தவித்தால், பெரும்பாலும் குறை டேங்க்கில் உள்ள காற்றில்தான் இருக்கும். பல நூறு வெள்ளி கொடுத்துப் புதுப் பம்ப் மாட்டினாலும் அந்தக் குறை அப்படியே இருக்கும். புது மோட்டாரும் விரைவில் கெடும்.

டேங்க்கின் உள்ளே ரப்பர் சவ்வு ஒன்று காற்றையும் நீரையும் பிரித்து வைத்திருக்கிறது. நீரை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். பம்ப் தள்ளும் நீர் காற்றை அமுக்கிக்கொண்டு உள்ளே சேர்கிறது; குழாயைத் திறந்தால், பம்ப் ஓடாமலே அந்தக் காற்று நீரை வெளியே தள்ளுகிறது. அழுத்தம் 20 பிஎஸ்ஐக்கு (டயர் காற்றை அளக்கும் அதே அலகு) இறங்கும்போது பம்ப் ஓடத் தொடங்கி 40இல் நிற்கும்படி அழுத்தச் சுவிட்ச் அமைந்திருந்தால், 24 லிட்டர் டேங்க் ஏறத்தாழ 8 லிட்டர் நீரைத் தந்த பிறகே பம்ப் மீண்டும் ஓடும். காற்று கசிந்து போனால் டேங்க் முழுவதும் நீர் நிரம்பிவிடும்; ஒரு குவளை நீர் எடுத்தாலே அழுத்தம் சரிந்து பம்ப் ஓடும்.

சோதிக்கும் முன், பம்புக்கு மின்சாரம் தரும் சுவிட்சை மட்டுமன்றி மீட்டர் பெட்டியில் அதற்குரிய பிரேக்கரையும் அணைத்துவிடுங்கள். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மோட்டாரின் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால், அதன் மூடியைத் திறக்க வேண்டாம்.

பிறகு டேங்க்கின் மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் விரல் முட்டியால் தட்டிக் கேளுங்கள். காற்றுள்ள பகுதி கணீரென்று ஒலிக்கும், நீருள்ள பகுதி மந்தமாக ஒலிக்கும். எங்கு தட்டினாலும் மந்த ஒலியே கேட்டால் காற்று போய்விட்டது என்று ஐயப்படலாம். உறுதி செய்ய, டேங்க்கிலுள்ள காற்று வால்வின் மூடியைக் கழற்றி, நடுவிலுள்ள ஊசியை ஒரு கணம் அழுத்துங்கள். இது மோட்டார் சைக்கிள் டயரில் இருப்பது போன்ற அதே வால்வுதான். காற்று மட்டும் வந்தால் சவ்வு நலமாக இருக்கக்கூடும். நீர் பீறிட்டால் சவ்வு கிழிந்துவிட்டது. மாற்றத்தக்க சவ்வு உள்ள டேங்க் என்றால் சவ்வையும், இல்லையெனில் டேங்க்கையும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

சவ்வு நலமாக இருந்தால், பம்புக்கு நீர் வரும் வால்வை அடைத்துவிட்டு, கீழ்க்குழாய் ஒன்றைத் திறந்து டேங்க்கிலுள்ள நீரை முழுவதும் வடியவிடுங்கள். நீர் இருக்கும்போது அளந்தால் அளவுகோல் காட்டுவது நீரின் அழுத்தத்தையே என்பதால், இந்தப் படியைத் தவறவிடக் கூடாது. நீர் வடிந்த பின் டயர் அளவுகோலால் அளந்து, பம்ப் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட 2 பிஎஸ்ஐ குறைவாக, அதாவது 20இல் தொடங்கும் பம்புக்கு 18 வரை, சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள். சில வாரங்களில் மறுபடி இறங்கினால், வால்வின் மேல் சோப்பு நீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள்.

யாரும் குழாயைத் திறக்காத இரவு நேரத்திலும் பம்ப் ஓடினால், காற்றைத் தேட வேண்டியதில்லை. பம்பை நிறுத்தி, டேங்க்குக்குப் பின் வீட்டுக்குள் செல்லும் வால்வை அடைத்து, அழுத்தமானியைக் கவனியுங்கள். முள் நிலையாக நின்றால் கசிவு வீட்டினுள், பெரும்பாலும் கழிப்பறைத் தொட்டியில், இருக்கிறது. முள் இறங்கினால் பம்பின் பக்கத்திலுள்ள ஒருவழி வால்வையே சந்தேகிக்க வேண்டும்.

பம்ப் அறவே ஓடாவிட்டால் பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை தூக்கிவிட்டும் உடனே விழுந்தால் மறுபடி தூக்காமல், எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனை அழையுங்கள். மின்சாரம் வந்தும் ஓடாவிட்டால் அழுத்தச் சுவிட்சின் மூடிக்குள் எறும்பு கூடு கட்டியிருக்கலாம், அல்லது அதற்குச் செல்லும் சிறு குழாயில் சேறு அடைத்திருக்கலாம். இரும்புச் சத்து மிகுந்த கிணற்று நீரில் செம்பழுப்பு நிறச் சேறு அங்கே படியும்; அப்போது சுவிட்ச் பொய்யான அழுத்தத்தை உணரும்.

தண்ணீர்த் தடைக்குப் பிறகு பம்ப் ஓடியும் நீர் வராவிட்டால், காற்று அடைத்திருக்கிறது. உடனே நிறுத்தி, பம்பின் மேல் திருகை அவிழ்த்து, விளிம்பு வரை நீர் ஊற்றி மூடிய பின்பே ஓடவிடுங்கள். நீரின்றி ஓடிய பம்பில் தண்டைச் சுற்றியுள்ள சீல் சூடேறிக் கெடும். பிறகு மோட்டாருக்கும் பம்ப் உடலுக்கும் இடையே ஈரம் கசிவதைக் கண்டால், அது பியரிங்கை அடைந்து துருப்பிடிக்க வைக்குமுன் சீலை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.