முழங்கால் பிரேஸ் தேர்வு: தசைநார்க் காயத்துக்குப் பின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழங்காலில் தசைநார் (லிகமென்ட்) கிழிந்து, சிகிச்சை முடிந்து, மீண்டும் களத்துக்குத் திரும்பத் துடிப்பவர்களுக்குப் பிரேஸ் (மூட்டை வெளியிலிருந்து பிடித்து நிறுத்தும் தாங்கி) பொருத்தும் வேலையை இயன்முறைச் சிகிச்சையாளராக நெடுங்காலமாகச் செய்துவருகிறேன். நாங்கள் இத்துறைக்கு வந்த புதிதில் செய்த பிழைகளை, இன்று பயிற்சிக்கு வரும் இளம் சிகிச்சையாளர்களும், தாமாகவே பார்த்து வாங்கிக்கொள்ளும் வீரர்களும் அப்படியே திரும்பச் செய்கிறார்கள். வலக்காலுக்குரியதை இடக்காலில் மாட்டுவது, வாரை முறுக்கிக் கட்டுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை முதல் நாளிலேயே தெரிந்துவிடும். மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் இருந்து, பிறகு பெரிய இழப்பில் கொண்டுபோய் நிறுத்தும் தவறுகளைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன்.

எந்தத் தசைநார் என்று தெரியாமலே வாங்குவது

முழங்காலை நான்கு முக்கியத் தசைநார்கள் பிடித்து நிறுத்துகின்றன. மூட்டுக்குள்ளே ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும் ஏ.சி.எல்., பி.சி.எல். என்ற இரண்டும் கீழ்க்கால் எலும்பு முன்னும் பின்னும் நழுவாமல் பார்த்துக்கொள்கின்றன; உள்பக்கத்தில் இருக்கும் எம்.சி.எல்., வெளிப்பக்கத்தில் இருக்கும் எல்.சி.எல். என்ற இரண்டும் மூட்டு பக்கவாட்டில் ஒடிந்து திறந்துகொள்ளாமல் காக்கின்றன. ஆகவே, கிழிந்தது எது என்பதைப் பொறுத்துப் பிரேஸ் விசை கொடுக்க வேண்டிய திசையே மாறிவிடுகிறது.

ஏ.சி.எல். காயத்துக்கான பிரேஸ், கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி வருவதை முன்பக்கத்திலிருந்து தடுக்கும்படி அமைக்கப்பட்டது. பி.சி.எல். காயத்திலோ அந்த எலும்பு பின்னோக்கிச் சரிவதுதான் கோளாறு. அதற்குக் கெண்டைக்காலின் பின்புறத்திலிருந்து முன்னோக்கித் தாங்குகிற பிரேஸ் வேண்டும். அந்தக் காலில் ஏ.சி.எல். பிரேஸை மாட்டினால், எலும்பு எந்தப் பக்கம் போகக் கூடாது என்று பார்க்கிறோமோ அந்தப் பக்கமே அதைத் தள்ளுகிறோம். எம்.சி.எல். காயங்களில் பெரும்பாலானவை அறுவை சிகிச்சை இல்லாமலே ஆறிவிடும் என்பதால், இருபுறமும் கீல் வைத்து, பக்கவாட்டு அசைவை அடக்கும் எளிய பிரேஸே அவற்றுக்குப் போதுமானதாக இருக்கும்.

'லிகமென்ட் போய்விட்டது, ஒரு நல்ல பிரேஸ் சொல்லுங்கள்' என்று வருபவரிடம் நான் முதலில் ஸ்கேன் அறிக்கையைக் கேட்கிறேன். அதனோடு, மருத்துவர் தம் கையால் மூட்டை அசைத்துப் பார்த்து, தளர்ச்சி எந்தப் பக்கம், எவ்வளவு என்று குறித்திருப்பதையும் கேட்கிறேன். இவ்விரண்டும் இல்லாமல் தேர்ந்தெடுக்கும் பிரேஸ், எவ்வளவு உயர்ந்த பொருளால் செய்யப்பட்டதாக இருந்தாலும், அந்தக் காலுக்கு உரியதுதானா என்று யாராலும் சொல்ல முடியாது.

தொடை மெலிந்திருக்கும்போதே விளையாட்டுப் பிரேஸுக்கு அளவு கொடுப்பது

இந்த ஒரு தவறைப் பார்க்கும்போது மட்டும் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் இதைச் செய்பவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். பிள்ளைக்கு எதையும் குறை வைக்கக் கூடாது என்று ஓடியாடிச் செய்யும் பெற்றோரும், ஒழுங்காகச் சிகிச்சைக்கு வருகிற வீரர்களும்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்க வேண்டியவர்கள் வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள்.

கால்பந்து ஆடும் ஓர் இளைஞருக்கு ஏ.சி.எல். சீரமைப்பு அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டாவது வாரத்திலேயே, பிரேஸ் விற்பவர் ஒருவரின் பேச்சைக் கேட்டு, இளைஞரின் தந்தை கார்பன் இழைச் சட்டகம் கொண்ட, அந்தக் காலுக்கென்றே வார்த்தெடுக்கும் பிரேஸுக்கு அளவு கொடுத்து முழுப் பணத்தையும் கட்டிவிட்டார். பிரேஸ் வந்து, உறை பிரிக்காமல் அலமாரியில் பல மாதங்கள் இருந்தது. ஓட்டப் பயிற்சி தொடங்கிய பிறகு, 'ஓடினால் கீழே இறங்குகிறது' என்று சொல்லி என்னிடம் கொண்டுவந்தார்கள். மாட்டிப் பார்த்தேன். தொடையின் மேல் வாரில் வெல்க்ரோ பாதிதான் ஒட்டியது. சட்டகத்தின் மேல்விளிம்பு தசையைக் கவ்வி நின்றது. கீலின் நடுப்புள்ளிக்கு நேராகத் தோலில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு, சற்று நேரம் ஓடிவிட்டு வரச் சொன்னேன். திரும்பி வந்தபோது கீல் அந்தக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே இருந்தது. கீழ்விளிம்பு உரசிய இடத்தில் கணுக்காலுக்கு மேலே தோல் சிவந்து கன்றியிருந்தது. அளவு கொடுத்த நாளின் தாளை வாங்கிப் பார்த்தால், அன்றைக்கும் இன்றைக்கும் தொடையின் சுற்றளவு நான்கு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டது. வார்ப்புச் சட்டகம் என்பதால் விரித்துச் சரிசெய்யவும் வழியில்லை. அந்தக் குடும்பம் இரண்டாவது முறை பணம் புரட்ட வேண்டியிருந்தது.

இது ஏன் நடக்கிறது என்பதைப் புதியவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். காயமோ அறுவையோ பட்ட மூட்டில் நீர் கோத்து வீங்கும்போது, முன்தொடைத் தசையை இயக்கும் நரம்புச் செய்தியே அடக்கப்பட்டுவிடுகிறது. நோயாளி எவ்வளவு முயன்றாலும் தசை முழுமையாக இறுகாது. சில வாரங்களுக்குள் தொடை கண்ணுக்குத் தெரியும்படி வற்றிவிடும். அதே நாள்களில் மூட்டு வீங்கியிருப்பதால் முழங்காலின் அகலம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். ஆக, அளவுநாடா சொல்லும் இரண்டு எண்களும் பொய்யானவை: ஒன்று குறைவு, மற்றொன்று மிகுதி. அந்த அளவுகளுக்கு உருவாகும் சட்டகம், யாருடைய விளையாட்டுக் காலுக்கும் பொருந்தாது.

தொடை மேலே பருத்துக் கீழே ஒடுங்கும் வடிவம் கொண்டது. மேல்பட்டை சிறுத்துப்போனால், தசை இறுகும் ஒவ்வொரு முறையும் சட்டகத்தைத் தானாகவே கீழ்நோக்கிப் பிதுக்கிவிடும். வாரை இன்னும் இறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்து இறுக்கினால் வழுக்கல் கூடுமே தவிரக் குறையாது. கீல் இடம் மாறுவது சாதாரணக் குறையும் அல்ல. முழங்கால் கதவைப் போல ஒரே அச்சில் திரும்புவதில்லை. மடங்கும்போது தொடை எலும்பின் முனை கீழ்க்கால் எலும்பின் மீது உருளவும் வழுக்கவும் செய்வதால், அச்சே சற்றுச் சற்று நகர்கிறது. இரட்டைப் பற்சக்கரக் கீல்கள் இந்த நகர்வை ஓரளவுக்குத்தான் பின்பற்றுகின்றன. அதுவும் கீல் முழங்கால் சில்லின் நடுமட்டத்தில், பக்கவாட்டு நடுக்கோட்டுக்குச் சற்றுப் பின்னால் அமைந்தால்தான். இரண்டு விரற்கடை இறங்கியபின், கால் ஓர் இடத்திலும் பிரேஸ் வேறோர் இடத்திலும் மடங்குகின்றன. அந்த முரண்பாட்டைத் தோலும் தசையும் சுமக்கின்றன; எலும்பைப் பிடிக்க வேண்டிய விசை எலும்பைச் சென்றடைவதே இல்லை.

அறுவைக்குப் பிந்தைய முதல் வாரங்களுக்கு வேறு வகைப் பிரேஸ் இருக்கிறது. தொடையின் மேற்பகுதியிலிருந்து கணுக்கால்வரை நீண்டு, மென்பஞ்சுப் பட்டைகளும் கோணத்தைப் பூட்டும் கீலும் கொண்ட அது, வீக்கம் வடிந்து தசை வளர வளரக் கூட்டிக் குறைக்கும்படி செய்யப்பட்டது. மருத்துவர் அதை அணியச் சொன்னால் அதை மட்டும் அணிந்தால் போதும். விளையாட்டுப் பிரேஸுக்கு அளவெடுக்கும் நாள், வீக்கம் முற்றிலும் வடிந்து, ஓட்டமும் தாவலும் பயிற்சியில் சேரும் காலத்தில்தான் வருகிறது. சில்லின் நடுவிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே தொடையின் சுற்றளவு, 15 சென்டிமீட்டர் கீழே கெண்டைக்காலின் சுற்றளவு, மூட்டின் அகலம் ஆகியவையே பெரும்பாலான நிறுவனங்கள் கேட்பவை. இருந்தாலும் அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையைப் பார்த்தே எடுக்க வேண்டும். நான் இரண்டு கால்களையும் அளக்கிறேன். காயம்பட்ட தொடை மற்றதைவிட இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால், பிரேஸுக்குக் கொடுக்க வைத்திருக்கும் பணத்தைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி, தசைப் பயிற்சிக்குத் திருப்பி அனுப்புகிறேன்.

'நீ-கேப்' எனப்படும் முழங்கால் உறையைக் கவசமாக நம்புவது

நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரால் ஆன இந்த உறை வெதுவெதுப்பைத் தரும். மெல்லிய அழுத்தத்தால் மூட்டு எங்கே இருக்கிறது என்ற உணர்வைக் கூட்டும். தளர்ந்த மூட்டைப் பிடித்து நிறுத்தும் வலிமை அதற்கு இல்லை.

பிரேஸ் இருக்கிறது என்று முன்கூட்டியே களமிறங்குவது

அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜோ நேமத்தின் முழங்காலுக்காக நியூயார்க்கின் லெனாக்ஸ் ஹில் மருத்துவமனையில் மருத்துவர் ஜேம்ஸ் நிக்கலஸ் உருவாக்கச் செய்த பிரேஸே இன்றைய விளையாட்டுப் பிரேஸ்களுக்கு முன்னோடி. அன்றிலிருந்து, பிரேஸ் அணிந்தால் ஆடலாம் என்ற நம்பிக்கை வீரர்களிடையே வேரூன்றிவிட்டது. ஆனால் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் புரூஸ் பெய்னன் குழுவினர் உயிருள்ள மனிதர்களின் ஏ.சி.எல்.லிலேயே உணர்கருவியைப் பொருத்தி அளந்து 1992-இல் வெளியிட்ட ஆய்வு, குறைந்த விசைகளில் பிரேஸ் தசைநாரின் சுமையைத் தணிக்கிறது என்றும், விசை கூடக்கூட அந்தப் பயன் மங்கிவிடுகிறது என்றும் காட்டியது. ஓட்டத்தில் சட்டென்று திரும்பும்போதும், தாவி ஒற்றைக்காலில் இறங்கும்போதும் மூட்டின் மேல் விழும் விசை அந்தக் குறைந்த அளவுக்குள் அடங்குவதில்லை.

சீரமைப்பு அறுவை முடித்தவர்களை ஓராண்டு பிரேஸ் அணிபவர்கள், அணியாதவர்கள் என்று சீட்டுப்போட்டதுபோல் பிரித்து, அமெரிக்க ராணுவக் கல்விக்கழகங்களில் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஏ.சி.எல். மட்டும் சீரமைக்கப்பட்ட எல்லோருக்கும் வழக்கமாகப் பிரேஸ் கொடுக்க வேண்டியதில்லை என்றே அமெரிக்க எலும்பியல் அறுவை மருத்துவர் கழகத்தின் 2022 வழிகாட்டுதலும் சொல்கிறது. இன்னொரு பக்கம், அறுவை முடித்த பனிச்சறுக்குப் பணியாளர்களைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பிரேஸ் அணியாதவர்களுக்கு மீண்டும் முழங்கால் காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்கு இருந்தது. ஆகையால் பிரேஸ் வீண் என்று நான் சொல்லவில்லை. விளையாட்டையும், மூட்டில் எஞ்சியிருக்கும் தளர்ச்சியையும், ஒன்றுக்கு மேற்பட்ட தசைநார் காயப்பட்டதா என்பதையும் பார்த்து, அறுவை செய்த மருத்துவரோடு கலந்து முடிவெடுக்க வேண்டிய பொருள் அது.

மறுகாயத்தைத் தடுப்பதில் அதைவிடத் தெளிவாக நிற்பது காலமும் தசை வலிமையும்தான். டெலவேரிலும் ஓஸ்லோவிலும் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியான ஆய்வில், ஒன்பதாவது மாதம்வரை களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயத்தின் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. முன்தொடைத் தசையின் வலிமையும், ஒற்றைக்கால் தாவலின் தூரமும் நல்ல காலின் அளவில் 90 சதவீதத்தையாவது எட்டாத ஒருவர், பிரேஸை மாட்டிக்கொண்டு ஆறாவது மாதத்தில் போட்டியில் இறங்குவதற்கு என்னிடம் அனுமதி கேட்டால், எத்தனை பேர் வற்புறுத்தினாலும் நான் தருவதில்லை.

கால்சட்டைக்கு மேல் அணிவது

வழுக்கும். அதற்கென்று தரப்படும் மெல்லிய உள்ளுறையின் மீதோ நேரே தோலின் மீதோ மட்டும் அணிய வேண்டும்.

ஆட்ட விதியைப் பார்க்காமல் வாங்குவது

கால்பந்து விதி மென்மையான, எடை குறைந்த பாதுகாப்புகளை அனுமதிக்கிறது. கடினச் சட்டகம் வைத்த பிரேஸ் பிறருக்கு ஆபத்தா என்று முடிவு செய்வது நடுவரின் பொறுப்பு. ரக்பியில் நெகிழும் துணி வகைத் தாங்கிகளுக்கே இடம் உண்டு. வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

வலியையும் மரப்பையும் 'பழகிவிடும்' என்று விட்டுவிடுவது

புதிய பிரேஸ் முதல் சில நாள்களில் கனமாகத் தெரிவது இயல்பு. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில் விரலால் தடவினால் தட்டுப்படும் சிறு எலும்புக் குமிழை ஒட்டி, பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்கான நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. வாரோ சட்டகத்தின் விளிம்போ அங்கே அழுத்தினால், பாதத்தின் மேற்புறம் மரத்துப்போகும். அழுத்தம் நீடித்தால் பாதத்தைத் தூக்கும் வலிமையே குறையும். புறப்படும்போது சரியாக இருந்த பிரேஸ், ஆட்டத்தின் நடுவே இறங்கி அந்த இடத்தில் போய் அமர்ந்துவிடுவதும் உண்டு. பெரும்பாலான பிரேஸ்களில் வார்களுக்கு எண் போட்டிருப்பார்கள். அந்த வரிசைப்படியே, முழங்காலைச் சற்று மடக்கிவைத்துக் கட்ட வேண்டும். கெண்டைத்தசையின் புடைப்புக்கு நேர் மேலே வரும் வாரே பல மாதிரிகளில் பிரேஸைத் தாங்கி நிறுத்துவது என்பதால், அதை முதலில் சரியான இடத்தில் இறுக்குவது முக்கியம். மரப்பு தோன்றினால் ஆட்டத்தை நிறுத்திப் பிரேஸைக் கழற்றுங்கள். கழற்றியும் உணர்வு திரும்பாவிட்டாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.