மோபிலைஸ்: ‘திரட்டு’ என்று வரும் இடத்திலெல்லாம் போடாதீர்கள்

தமிழில் நிதியையும் திரட்டுகிறோம், தகவலையும் திரட்டுகிறோம், ஆதாரத்தையும் திரட்டுகிறோம். துணிச்சலைக்கூடத் திரட்டிக்கொண்டுதான் மேலதிகாரியின் அறைக்குள் போகிறோம். ஆங்கிலத்தில் இந்த நான்குக்கும் ஒரே வினைச்சொல் செல்லாது. ஆனால் எல்லாவற்றுக்கும் ‘மோபிலைஸ்’ போட்டு எழுதிய விண்ணப்பங்களும் அறிக்கைகளும் ஏராளம்.

நிதி, ஆள்பலம், மக்கள் ஆதரவு ஆகியவற்றுக்கு மோபிலைஸ் சரி. தகவல் என்றால் கலெக்ட் அல்லது கேதர். வாதங்களையும் ஆதாரங்களையும் ஒழுங்குபடுத்தி முன்வைப்பது மார்ஷல். துணிச்சலுக்கு மஸ்டர்; நூறு நாள் வேலையில் பெயர் ஏறும் மஸ்டர் ரோலில் இருப்பதும் இதே சொல்தான். தேடித்தேடிக் கூட்டி, தேறியது இவ்வளவு என்னும் தொனி இதற்கு உண்டு. அதனால்தான் சபையில் பெரும்பான்மை சேர்க்க முடியாத அரசைப் பற்றி எழுதும்போதும் மஸ்டர் வருகிறது.

மோபிலைஸ் போடும்முன் இரண்டு கேள்விகள் போதும். அந்தப் பொருள் ஏற்கெனவே எங்காவது சும்மாவோ சிதறியோ கிடக்கிறதா? எதற்காக அதைத் தயார்ப்படுத்துகிறோம்? வங்கிகள் சொல்லும் ‘டெபாசிட் மோபிலைசேஷன்’ இரண்டிலும் தேறும்: வீடுகளில் முடங்கிய பணம், கடன் கொடுப்பதற்காக வங்கிக்கு வருகிறது. உரக்கடையில் விற்கும் பொட்டாஷ் மோபிலைசிங் பாக்டீரியாவும் அப்படித்தான். அது சாம்பல்சத்தை உண்டாக்குவதில்லை. வேருக்கு எட்டாத வடிவில் மண்ணில் இருப்பதைப் பயிர் எடுத்துக்கொள்ளும்படி விடுவிக்கிறது. இங்கே ‘திரட்டும் பாக்டீரியா’ என்று மொழிபெயர்த்தால் பொருளே மாறிவிடும். தெருப் பொங்கல் விழாவுக்கு ஆளுக்கு 200 ரூபாய் வாங்கினால் கலெக்ட் போதும். மோபிலைஸ் இலக்கணப்படி பிழையில்லை, ஆனால் அந்த வேலைக்குக் கொஞ்சம் கனமான சொல்.

அடுத்த பிழை, ‘மொபைல்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு நகர்த்துவது என்று எடுத்துக்கொள்வது. 2022 செப்டம்பர் 21 அன்று ரஷ்யா ‘பார்ஷியல் மோபிலைசேஷன்’ அறிவித்தது. பயிற்சி பெற்று வீட்டில் இருந்த சுமார் 3 லட்சம் ரிசர்வ் வீரர்களைப் பணிக்கு அழைப்பதே அதன் பொருள். அதைப் ‘படை நகர்வு’ என்று எழுதினால் தவறு. அழைத்துத் தயார்ப்படுத்துவது மோபிலைஸ். களத்தில் கொண்டுபோய் நிறுத்துவது டிப்ளாய். அலுவலகத்தில் மேசையை அடுத்த அறைக்கு மாற்றினால் மூவ் அல்லது ஷிஃப்ட், பணத்தை வேறு கணக்குக்கு அனுப்பினால் டிரான்ஸ்ஃபர்.

மருத்துவமனைக் குறிப்பில் மட்டும் இந்தச் சொல்லுக்கு உடல் அசைவோடு நேரடித் தொடர்பு உண்டு. அறுவை சிகிச்சைக்கு மறுநாள் ‘மோபிலைஸ் த பேஷண்ட்’ என்று எழுதியிருந்தால், நோயாளியை எழுப்பி உட்காரவைத்து மெல்ல நடக்க விடுங்கள் என்று அர்த்தம். வேறு வார்டுக்கு மாற்றச் சொல்லவில்லை. பிரிட்டனில் செவிலியர்கள் ‘மோபிலைசிங் வித் எ ஃப்ரேம்’ என்றும் எழுதுவார்கள்: நோயாளி நடைச்சட்டம் பிடித்து நடக்கிறார்.

எதிர்ச்சொல்லிலும் பலர் சறுக்குகிறார்கள். போர் முடிந்து வீரர்களை வீட்டுக்கு அனுப்புவது டீமோபிலைஸ். உடைந்த கையை அசையாமல் கட்டுவது இம்மோபிலைஸ். சரியான சாவி இல்லாமல் இன்ஜினை இயங்கவிடாத கார் கருவிக்கு இம்மோபிலைசர் என்று பெயர் வந்தது இதனால்தான். ‘ராணுவம் இம்மோபிலைஸ் செய்யப்பட்டது’ என்றால் கலைக்கப்பட்டது என்று ஆகாது. நகர முடியாமல் முடக்கப்பட்டது என்று ஆகிவிடும்.

வாக்கிய அமைப்பில் கவனிக்க வேண்டியது ‘ஃபார்’ எங்கே வருகிறது என்பது. ‘மோபிலைஸ் ஃபண்ட்ஸ் ஃபார் ரிலீஃப்’ சரி. ‘மோபிலைஸ் ஃபார் ஃபண்ட்ஸ்’ என்றால் நிதியைத் திரட்டுவதாக ஆகாது. ஃபாருக்குப் பின் நோக்கம்தான் வர வேண்டும். மஸ்டருக்குப் பின் வரும் ‘அப்’ மோபிலைஸுக்கு ஒட்டாது. எதிர்ப்புக்கு அகெய்ன்ஸ்ட், ஒருவருக்குப் பின்னால் அணிதிரள பிஹைண்ட். செயப்படுபொருள் இல்லாமலும் வரும்: ‘த ஆர்மி மோபிலைஸ்டு’.

மோபிலைஸின் கடைசி எழுத்துக்கு முன் பிரிட்டிஷ் வழக்கில் பெரும்பாலும் எஸ், அமெரிக்க வழக்கில் இசட். ஒரே ஆவணத்தில் இரண்டையும் கலக்காதீர்கள். மார்ஷலின் இறந்தகாலத்தில் பிரிட்டிஷார் இரண்டு எல் போடுவார்கள், அமெரிக்கர் ஒன்று. ராணுவச் சட்டத்தைக் குறிக்கும் ‘மார்ஷல் லா’ காதுக்கு ஒன்றுபோலக் கேட்டாலும் வேறு சொல், அதில் டி, ஐ, ஏ வரும். ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டால் எழுத்துப் பிழைதிருத்தி கண்டுபிடிக்கும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள்.