லாஸ் ஏஞ்சலஸுக்கு முதல்முறை போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

முதல் நாள் காலை சான்டா மோனிகா கடற்கரை, மதியம் ஹாலிவுட், சாயங்காலம் மாலிபு கோயில், ராத்திரி சாப்பாடு ஆர்ட்டீசியா லிட்டில் இந்தியாவில். லாஸ் ஏஞ்சலஸுக்கு முதல்முறை வருபவர்கள் போடும் திட்டம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. எழுதி வைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கிளம்பிப் போனால், அன்றைக்கு அதிக நேரம் பார்த்தது முன்னால் நிற்கும் காரின் பிரேக் விளக்கைத்தான் என்று ஆகிவிடும்.

இங்கே நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி ஒரே இடத்தில் தொடங்குகின்றன: இதை ஒரே ஊர் என்று நினைத்துக்கொள்வது. லாஸ் ஏஞ்சலஸ் மாநகரம் மட்டுமே சுமார் 1,300 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி 426. அதாவது மூன்று சென்னை. அந்த மாநகரத்தையும் சேர்த்து லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில், அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரியான நிர்வாகப் பகுதியில், மொத்தம் 88 நகரங்கள். சான்டா மோனிகா, பெவர்லி ஹில்ஸ், பர்பாங்க் எல்லாம் தனித்தனி நகராட்சிகள். டிஸ்னிலேண்ட் இருப்பதோ அனஹைமில். அது பக்கத்து ஆரஞ்சு கவுண்டி. சான்டா மோனிகாவில் அறை எடுத்துக்கொண்டு டிஸ்னிலேண்ட் போய் வருவது என்றால், ஒரு பக்கத்துக்கே அறுபது கிலோமீட்டருக்கு மேல்.

தூரத்தை வைத்துத் திட்டம் போடுவது

சான்டா மோனிகாவிலிருந்து டவுன்டவுன், அதாவது நகரத்தின் மையப் பகுதி, சுமார் 25 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அரை மணிக்குள் போய்விடலாம். வாரநாள் சாயங்காலம் அதே சாலையில் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். காலை 7 முதல் 10, பிற்பகல் 3 முதல் 7 வரை நெரிசல் நேரம். வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்தே ஆரம்பித்துவிடும். காலையில் எல்லோரும் டவுன்டவுன் பக்கம் போவார்கள், சாயங்காலம் வெளியே வருவார்கள் என்ற கணக்கும் இங்கே செல்லாது. மேற்குப் பகுதியில் அலுவலகங்கள் ஏராளம் என்பதால் சாயங்காலம் கடற்கரையிலிருந்து டவுன்டவுன் நோக்கி வரும் பக்கம்தான் திணறும்.

கூகுள் மேப்ஸில் பார்த்துத்தானே திட்டம் போட்டோம் என்பார்கள். எப்போது பார்த்தீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சென்னையில் மதியம் 2 மணிக்கு உட்கார்ந்து பார்த்தால், கோடைக்காலத்தில் லாஸ் ஏஞ்சலஸில் நேரம் நள்ளிரவு 1:30. காலி சாலைக்கான நேரத்தைத்தான் மேப் காட்டும். அதை நம்பி ஒரே நாளில் நான்கு இடங்களை அடுக்குகிறார்கள். மேப்பில் கிளம்பும் நேரத்தை மாற்றிப் போட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. ‘செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 5 மணி’ என்று கொடுத்துப் பாருங்கள். திட்டத்தில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்வதுதான் வழி. சான்டா மோனிகாவும் வெனிஸ் கடற்கரையும் ஒட்டியே இருக்கின்றன. கடலோரமாகவே சைக்கிள் பாதை உண்டு, ஒரு நாளைத் தாராளமாகக் கழிக்கலாம். ஹாலிவுட்டும் கிரிஃபித் வானாய்வகமும் இன்னொரு நாள். டவுன்டவுனில் வால்ட் டிஸ்னி கான்சர்ட் ஹால், தி பிராட் அருங்காட்சியகம், 1917-லிருந்து இயங்கும் கிராண்ட் சென்ட்ரல் மார்க்கெட், லிட்டில் டோக்கியோ, 1939-இல் திறந்த யூனியன் ஸ்டேஷன் எல்லாவற்றையும் நடந்தே பார்த்துவிடலாம். கார் இல்லாமல் இந்த ஊர் கிடையாது என்று சொல்பவர்கள் டவுன்டவுனில் ஒரு நாள் நடந்து பார்க்க வேண்டும். டிஸ்னிலேண்ட் கட்டாயம் வேண்டும் என்றால் அனஹைமிலேயே ஓர் இரவு தங்குங்கள். மொத்தமே மூன்று நாள்தான் கையில் இருக்கிறது, கூடக் குழந்தைகள் இல்லை என்றால், நான் டிஸ்னிலேண்டை விட்டுவிடச் சொல்வேன்.

பெயரை மட்டும் நம்பிப் போவது

மாலிபு கோயில் என்று நம்மவர்கள் சொல்லும் வெங்கடேஸ்வரர் கோயில் மாலிபு கடற்கரையில் இல்லை. கலபாசஸ் பக்கம், மலைகளுக்கு நடுவே லாஸ் வர்ஜினஸ் சாலையில் இருக்கிறது. ஆர்ட்டீசியாவின் பயனியர் புலவார்டு, அதாவது லிட்டில் இந்தியா, நேர் எதிர்த்திசையில், டவுன்டவுனுக்குத் தென்கிழக்கே. இரண்டுக்கும் நடுவே எழுபது எண்பது கிலோமீட்டர். ஆர்ட்டீசியாவை அனஹைம் போகும் நாளோடு சேர்த்துக்கொள்ளுங்கள், வழியில் வந்துவிடும்.

கெட்டி சென்டர் வேறு, கெட்டி வில்லா வேறு. முதலாவது பிரென்ட்வுட் மலைமேல், இரண்டாவது பசிபிக் கடலோரத்தில். இரண்டுக்கும் அனுமதி இலவசம் என்றாலும் முன்பதிவு வேண்டும், பார்க்கிங்குக்குக் காசு வேண்டும். ஒன்றுக்குப் பதிவு செய்துவிட்டு மற்றதன் வாசலில் போய் நிற்கக் கூடாது. டாக்ஸியில் ஏறி ‘டிஸ்னி’ என்று மட்டும் சொல்வதும் ஆபத்துதான். கான்சர்ட் ஹாலுக்கும் டிஸ்னிலேண்டுக்கும் இடையே நாற்பது கிலோமீட்டர்.

முகவரியில் தெருப் பெயர் மட்டும் போதாது. சன்செட் புலவார்டு டவுன்டவுன் ஓரத்தில் தொடங்கிக் கடல்வரை சுமார் 35 கிலோமீட்டர் போகிறது. ‘ஓட்டல் சன்செட்டில்தான்’ என்பதில் ஒரு தகவலும் இல்லை. பிராட்வே டவுன்டவுனிலும் உண்டு, சான்டா மோனிகாவிலும் உண்டு. மேப்பில் போடும்போது நகரத்தின் பெயரையும் ஜிப் கோடையும் சேர்த்தே போடுங்கள்.

எந்த விமான நிலையம்?

பெரிய சர்வதேச விமான நிலையமான எல்ஏஎக்ஸ் (LAX) மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவுக்குள்ளேயே பறந்து வருகிறீர்கள் என்றால், ஹாலிவுட், யுனிவர்சல் பக்கம் தங்குபவர்களுக்கு பர்பாங்க் விமான நிலையம் எவ்வளவோ மேல். டிஸ்னிலேண்டுக்கு சான்டா ஆனாவில் உள்ள ஜான் வேய்ன். டிக்கெட் மலிவு என்று ஒன்டாரியோவைப் பிடித்தால், அது டவுன்டவுனிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே. கனடாவில் இல்லை, அந்தவரை நிம்மதி.

எல்ஏஎக்ஸில் வந்து இறங்கினால், வெளியே வந்து டெர்மினல் வாசலிலேயே ஊபருக்குக் காத்திருக்காதீர்கள். சாதாரண ஊபர், அதைப் போன்ற லிஃப்ட் (Lyft) கார்கள், டாக்ஸி எல்லாம் முதல் டெர்மினலுக்குப் பக்கத்தில் ‘எல்ஏ-எக்ஸிட்’ என்ற இடத்தில்தான் ஏற்றிக்கொள்ளும். அங்கே போக இலவச ஷட்டில் உண்டு. டவுன்டவுன் போகிறவர்களுக்கு யூனியன் ஸ்டேஷன் வரை நேராகப் போகும் ஃப்ளைஅவே பஸ் இருக்கிறது. பெட்டிகளோடு போக வசதி, காசும் மிச்சம்.

ஃப்ரீவேயில்

இங்கே ஃப்ரீவேக்கு, அதாவது சிக்னல் இல்லாத விரைவுச்சாலைக்கு, பெயரும் உண்டு, எண்ணும் உண்டு. பெயர் பாதியில் மாறும். 10-ஆம் எண் டவுன்டவுனுக்கு மேற்கே சான்டா மோனிகா ஃப்ரீவே, கிழக்கே சான் பெர்னார்டினோ ஃப்ரீவே. எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் திசையில் ஒரு சிக்கல் இருக்கிறது. சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் 101 கிழக்கு மேற்காக ஓடுகிறது, பலகையிலோ வடக்கு, தெற்கு என்றே எழுதியிருக்கும். மேற்கே இருக்கும் மாலிபு கோயிலுக்குப் போக வேண்டியவர் ‘101 வடக்கு’ என்ற பலகையைப் பார்த்துத் தயங்கினால், பின்னால் வருபவர் ஹாரனை அழுத்திவிடுவார்.

வைரக் குறி போட்ட கார்பூல் லேனில், அதாவது ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் போகும் கார்களுக்கான தடத்தில், பெரும்பாலும் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். குழந்தையும் கணக்கில் சேரும். தனியாகப் போய் மாட்டினால் அபராதம் குறைந்தது 490 டாலர். இரட்டைக் கோடு போட்ட இடத்தில் உள்ளே நுழையவும் கூடாது, வெளியே வரவும் கூடாது. 110-இலும், டவுன்டவுனுக்குக் கிழக்கே 10-இலும் இருப்பவை கட்டணம் வாங்கும் எக்ஸ்பிரஸ் லேன்கள். அவற்றுக்கு, கட்டணத்தைத் தானாகக் கழித்துக்கொள்ளும் ஃபாஸ்ட்ராக் கருவி தேவை. ரென்டல் காரில் அந்த ஏற்பாடு என்ன என்று கேட்டுக்கொள்ளாமல் உள்ளே போக வேண்டாம்.

பார்க்கிங் பலகையை மேலோட்டமாகப் படிப்பது

பணம் அதிகம் போவது இங்கேதான். ஒரே கம்பத்தில் மூன்று நான்கு பலகைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். ஓர் உதாரணம்: மேலே சிவப்பில் ‘காலை 7–9, மாலை 4–7 நிறுத்தக் கூடாது, வண்டி இழுத்துச் செல்லப்படும்’. அதன்கீழ் ‘செவ்வாய் 10–12 தெரு கூட்டும் நேரம்’. அதற்கும் கீழே பச்சையில் ‘9–4 வரை 2 மணி நேரம் நிறுத்தலாம்’. பச்சையைப் பார்த்ததும் மனம் குளிர்ந்து இறங்கிப் போய்விடுகிறோம். பிற்பகல் மூன்றரைக்கு நிறுத்தினால் 2 மணி நேரம் கிடைக்காது, அரை மணிதான். 4 மணிக்கு டோ வண்டி வந்துவிடும். காரை மீட்க நூற்றுக்கணக்கில் டாலர் போகும். செவ்வாய் காலை 11 மணிக்கு அங்கேயே நிறுத்தியிருந்தால் தெரு கூட்டுவதற்கான டிக்கெட், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 73 டாலர்.

ஆகவே மேலிருந்து கீழ்வரை எல்லாப் பலகையையும் படியுங்கள். ஒன்று தடுத்தாலும் நிறுத்தக் கூடாது. அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறது என்றும் பாருங்கள். நிறுத்தியபின் பலகையையும் காரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்ற சந்தேகம் வராது.

நடைபாதை விளிம்பின் வண்ணமும் பேசும். சிவப்பு என்றால் நிற்கவே கூடாது. வெள்ளையில் ஆளை ஏற்றி இறக்கலாம். மஞ்சள் சரக்கு வண்டிகளுக்கு. பச்சையில் சற்று நேரம் மட்டும். நீலம் மாற்றுத்திறனாளிகளுக்கான அட்டை உள்ளவர்களுக்கு. தீயணைப்புக் குழாய்க்கு இருபுறமும் 15 அடி விட வேண்டும், சிவப்பு பூசியிருக்கிறதா என்று பார்க்காதீர்கள், பல இடங்களில் இருக்காது. பாதசாரிகள் கடக்கும் கோட்டுக்கு முன்னால் 20 அடி விட வேண்டும் என்ற சட்டத்துக்கும் 2025 முதல் டிக்கெட் எழுதுகிறார்கள்.

பெவர்லி ஹில்ஸில் நகராட்சியின் பார்க்கிங் கட்டடங்கள் சிலவற்றில் முதல் 2 மணி நேரம் இலவசம். அது தெரியாமல், காரை வாங்கி நிறுத்தித் தரும் வாலே ஆளுக்குக் காசு கொடுத்துவிட்டு வருகிறவர்கள் அதிகம். அப்புறம், பூட்டிய காரானாலும் சீட்டில் பை எதுவும் தெரியும்படி வைக்காதீர்கள். டிக்கியில் வைப்பதானால் கிளம்பும் இடத்திலேயே வைத்துவிடுங்கள், போய்ச் சேர்ந்த இடத்தில் நாலு பேர் பார்க்கத் திறந்து வைக்க வேண்டாம். ஓட்டல் புக் செய்யும்போது ஒரு ராத்திரிக்குப் பார்க்கிங் எவ்வளவு என்று கேளுங்கள். வாடகை குறைவாகத் தெரிந்த ஓட்டல் அங்கே பிடித்துவிடும்.

ரயிலே இல்லை என்று நினைப்பது

இருக்கிறது. மெட்ரோவின் இ லைன் டவுன்டவுனிலிருந்து சான்டா மோனிகா கடற்கரைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் விடுகிறது, சுமார் 50 நிமிடம். சாயங்கால நெரிசலில் காரைவிட இதுதான் முந்தும். பி லைன் யூனியன் ஸ்டேஷனிலிருந்து ஹாலிவுட் வழியாக யுனிவர்சல் ஸ்டூடியோஸ் போகிறது. பணம் போட்டுப் பயன்படுத்தும் டேப் (TAP) கார்டு வாங்கிக்கொண்டால் ஒரு பயணம் 1.75 டாலர். ஒரு நாளில் 5 டாலர் ஆனதும் அதற்கு மேல் பிடிக்காது. பகலில் பயமில்லாமல் போகலாம். பின்னிரவில் குடும்பத்தோடு என்றால் நான் டாக்ஸி பிடித்துக்கொள்ளத்தான் சொல்வேன்.

ஹாலிவுட்டில் நட்சத்திரங்களைத் தேடுவது

பழைய பெரிய ஸ்டூடியோக்களில் ஹாலிவுட் பகுதிக்குள் இன்னும் இருப்பது பாரமவுன்ட் மட்டும்தான். வார்னர் பர்பாங்கில், யுனிவர்சல் மலைக்கு அந்தப் பக்கம். ஹாலிவுட் புலவார்டில் இருப்பது நடைபாதை நட்சத்திரங்களும் கூட்டமும்தான். ஸ்பைடர்மேன் வேடத்தில் நிற்பவரோடு போட்டோ எடுத்தால் காசு கேட்பார். ‘இலவசம்’ என்று கையில் சிடி திணிப்பவரும் கேட்பார். ஒரு மணி நேரம் போதும் அந்தத் தெருவுக்கு. மலைமேல் இருக்கும் ஹாலிவுட் எழுத்துகளுக்குக் கிட்டே போய்த் தொட அனுமதி இல்லை. கிரிஃபித் வானாய்வகத்திலிருந்தும் லேக் ஹாலிவுட் பார்க்கிலிருந்தும் நன்றாகத் தெரியும்.

கிரிஃபித்துக்கு அனுமதி இலவசம். ஆனால் திங்கள் விடுமுறை, மற்ற வாரநாள்களில் மதியம் 12-க்குத்தான் திறக்கும். கெட்டி சென்டர், தி பிராட் இரண்டுக்கும்கூடத் திங்கள் விடுமுறைதான். திங்களன்று கடற்கரைக்குப் போய்விடுங்கள்.

கடற்கரை என்றதும் பருத்திச் சட்டையோடு கிளம்பிவிட வேண்டாம். மே, ஜூனில் கடலோரம் காலையில் மேகம் மூடிக் கிடக்கும், மதியம்தான் வெயில் எட்டிப் பார்க்கும். அதே நாளில் மலைக்கு அந்தப் பக்கம் 35 டிகிரி கொளுத்தலாம். கடல்நீர் கோடையிலும் சில்லென்றுதான் இருக்கும், மெரினாவை நினைத்துக்கொண்டு இறங்கினால் முழங்காலோடு திரும்பிவிடுவீர்கள். ஒரு ஸ்வெட்டர் காரில் கிடக்கட்டும்.

திரும்பும் நாள்

ஊருக்குப் போகும் விமானம் ராத்திரிதானே என்று சாயங்காலம்வரை சுற்றிவிட்டுக் கிளம்பினால், எல்ஏஎக்ஸ் பக்கம் போகும் 405 ஃப்ரீவேயில் நெரிசலின் உச்சத்தில் மாட்டுவீர்கள். பெட்ரோல் நிரப்ப, ரென்டல் காரைத் திருப்பிக் கொடுக்க, அங்கிருந்து ஷட்டிலில் டெர்மினல் வர ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். யாராவது கொண்டுவந்து விடுகிறார்கள் என்றால், புறப்பாடு மாடியில், வருகை கீழே. மேல்தளச் சாலை நகராமல் நின்றால் கீழ்த்தளத்தில் இறக்கிவிடச் சொல்லி, உள்ளே லிஃப்டில் மேலே போய்விடலாம்.