சி-எச் வந்தால் 'ச்'சா, 'ஷ்'ஷா, 'க்'கா?

ஆங்கிலத்தில் 'சி-எச்' எழுத்துகள் உள்ள புதுச் சொல்லில் தடுமாறினால் பொருளைப் பாருங்கள். கெமிஸ்ட்ரி, குரோமோசோம் போல விஞ்ஞானச் சொல் என்றால் 'க்'. ஷெஃப், ஷாண்டிலியர் என்று பெரிய ஹோட்டல் வாடை அடித்தால் 'ஷ்'. மற்றவை பெரும்பாலும் 'ச்'.

விஞ்ஞானச் சொற்கள் கிரேக்க வழி வந்தவை. 1066இல் பிரான்ஸின் வடக்கிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பின் நுழைந்த பிரெஞ்சுச் சொற்களில் அன்றைய ஒலி 'ச்'. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பிரான்ஸில் அது 'ஷ்' ஆகிவிட்டது. பின்னால் வந்த சொற்கள் அந்தப் புது ஒலியோடு வந்தன. சீஃப், ஷெஃப் இரண்டும் ஒரே பிரெஞ்சுச் சொல்தான், இரண்டு முறை இறக்குமதி!

கிரேக்க வழி வந்தும் 'ச்' ஒலிக்கும் ஆர்ச்பிஷப் (பேராயர்), முன்பே வந்த பிரெஞ்சுச் சொல்லாயினும் 'ஷ்' ஒலிக்கும் ஷிவல்ரி (வீரப் பண்பு) இந்த வரலாற்றுக்கு அடங்காது. சட்னியும்தான், அது இந்தியாவிலிருந்து போனது.