காய் வரத்துக்கு முன் வெளியீடு: தன்னார்வ மென்பொருள் குழு கால அட்டவணை போடும் முறை

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிகளில் எடைச்சீட்டு எழுதவும், விவசாயிக்குக் கொடுத்த முன்பணத்தைக் கழித்துக் கணக்குப் பார்க்கவும் பயன்படும் சிறு கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமையுள்ளது) ஒன்றை நாங்கள் ஐந்து பேர் ஓய்வு நேரத்தில் எழுதிப் பராமரித்து வருகிறோம். இருவருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. ஒருவர் பாலக்கோட்டில் ஆசிரியர். ஒருவர் கல்லூரி மாணவி. பர்கூரில் இருக்கும் நான் வெளியீட்டுப் பொறுப்பைக் கவனிக்கிறேன். முதல் ஆண்டில், முன்பணக் கணக்கு முடிந்ததும் புதிய பதிப்பு வரும் என்று மண்டிக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தோம். அது முடிந்தது ஆடி மாதத்தில். அதற்குள் கிளிமூக்கு மாங்காய் வரத்து ஓய்ந்து, தராசைத் துணி போட்டு மூடிவிட்டிருந்தார்கள்.

ஆகவே முதலில் தேதியை முடிவு செய்யுங்கள். எந்தெந்த வசதிகள் அதில் இடம்பெறும் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சம்பளம் இல்லாத வேலையில் ஒருவர் அடுத்த மாதம் எத்தனை மணி நேரம் ஒதுக்குவார் என்பதை அவராலேயே உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால், வசதியை வாக்குறுதியாகக் கொடுத்தால் அது பெரும்பாலும் பொய்யாகிவிடும். தேதி அப்படியல்ல, முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த நாளில் வெளியிட்டுவிட முடியும். உபுண்டு என்ற கணினி இயங்குதளம் 2004 அக்டோபரிலிருந்து இப்படித்தான் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், வெளிவருகிறது. ஆண்டும் மாதமுமே அதன் பதிப்பு எண். பைத்தான் நிரல்மொழியும் 2020இல் வந்த 3.9 பதிப்பிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபரில், என்ற முறைக்கு மாறிவிட்டது.

டெபியன் என்ற மற்றொரு இயங்குதளம் வேறு வழியில் போகிறது. அங்கே வெளியீட்டு நாளை வெகு முன்பாகவே அறிவித்துவிட மாட்டார்கள். ஆனால் மாற்றங்களைப் படிப்படியாக நிறுத்தும் நாள்களை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். டெபியன் 12க்கான முதல் கட்ட நிறுத்தம் 2023 ஜனவரி 12இல் தொடங்கியது, பதிப்பு வந்தது ஜூன் 10இல். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்களிக்கும் திட்டத்துக்கு அது பொருந்தும். ஐந்து பேர் உள்ள குழு அதைப் பின்பற்றினால் எந்தக் காலத்திலும் வெளியிடாது என்பது என் கருத்து.

தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது பயனரின் நாட்காட்டியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். எங்களுக்கு வைகாசியில் வரத்து சூடுபிடிக்கும் என்பதால் மே 10க்குள் பதிப்பு மண்டியில் இருந்தாக வேண்டும். அதற்கு முந்தைய மூன்று வாரங்களில் வழு (நிரல் பிழை) திருத்தம் மட்டுமே நடக்கும். புதிய வசதி எதையும் முதன்மைக் கிளையில், அதாவது வெளியீட்டுக்கு எடுக்கும் நிரல் தொகுப்பில், சேர்ப்பதில்லை. இந்த நிறுத்தக் காலத்தைக் குறைக்கச் சொல்லிக் குழுவுக்குள்ளேயே கெஞ்சுவார்கள், இணங்காதீர்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் புதியவற்றைச் சேர்க்கத் தருவது இரண்டே வாரம். பிறகு வாரம் ஒரு சோதனைப் பதிப்பாக, வழக்கமாக ஏழு அல்லது எட்டு, வந்த பின்னரே இறுதி வெளியீடு. பைத்தானில் மே மாதம் முதல் பீட்டா (சோதனைப் பதிப்பு) வந்ததும் புதிய வசதிகளுக்குக் கதவு சாத்தப்படுகிறது. அக்டோபர் வரை சோதனைதான். மொழிபெயர்ப்பு உள்ள மென்பொருளானால், திரையில் தோன்றும் சொற்களை மாற்றுவதையும் நிறுத்தக் காலம் தொடங்கும் நாளிலிருந்தே நிறுத்திவிட வேண்டும். ஒரு பொத்தானின் பெயரைக் கடைசி நாளில் யாரோ மாற்றிவிட, பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகச் சீட்டு அச்சான அனுபவம் எங்களுக்கு உண்டு.

குழுவினரின் நாட்காட்டியையும் சேர்த்துப் பாருங்கள். விடைத்தாள் திருத்தும் காலம், செமஸ்டர் தேர்வு, இரவு ஷிப்ட், பொங்கல் விடுமுறை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, எஞ்சிய மணி நேரத்தில் பாதியை மட்டும் கணக்கில் எடுங்கள். எங்களுக்கு அந்தப் பாதியும் சில மாதங்களில் கிடைத்ததில்லை.

முன்னேற்றக் குறிப்பை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சொல்வதற்கு எதுவும் இல்லாவிட்டாலும், எழுதுங்கள். "இந்த இரண்டு வாரமும் யாருக்கும் நேரம் இல்லை, வேலை நகரவில்லை" என்ற ஒற்றை வரிகூடத் திட்டம் உயிரோடு இருப்பதைப் பயனருக்குச் சொல்லிவிடுகிறது. "90 விழுக்காடு முடிந்தது" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். மீதிப் பத்து எவ்வளவு காலம் இழுக்கும் என்பது எழுதியவருக்கே தெரியாது. எங்கள் குறிப்பு ஒன்று இப்படி இருந்தது:

"ஏப்ரல் 12. எடைச்சீட்டின் கடைசி வரி வெட்டுப்படும் வழு சரியானது. இரண்டு பிரிண்டர்களில் சோதித்துவிட்டோம். முன்பணக் கழிவில், ஒரே விவசாயி இரு தவணையாகப் பணம் வாங்கியிருந்தால் இரண்டாம் தவணை விடுபடுகிறது. அதைக் கவனிப்பவருக்கு இந்த மாதம் இரவு ஷிப்ட். ஆகவே இதற்கான திருத்தம் மே பதிப்பில் இராது. வெளியீடு மே 10, மாற்றம் இல்லை. பழைய ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருப்பவர் யாராவது சோதித்துச் சொன்னால் உதவியாக இருக்கும்."

முடிந்தது, முடியாதது, ஏன் முடியவில்லை, தேதி என்ன ஆயிற்று, யாருடைய உதவி தேவை என்பதெல்லாம் அந்தச் சில வரிகளில் வந்துவிட்டன. காரணம் சொல்லும்போது ஆளின் பெயரைச் சொல்வதில்லை. தாமதத்துக்கு ஒரு தன்னார்வலரைப் பொதுவில் குறை சொன்னால், மறுமாதம் அவர் வரமாட்டார்.

தேதியே தள்ளிப்போக வேண்டிய நிலை வந்தால், மற்றவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். புதிய தேதியையும் அதே அறிவிப்பில் கொடுங்கள். 2006 ஏப்ரலில் வர வேண்டிய உபுண்டு பதிப்பு, கூடுதல் சோதனைக்காக ஆறு வாரம் தள்ளப்படுவதாக மார்ச்சிலேயே அறிவிக்கப்பட்டு, ஜூன் 1 அன்று வந்தது. அதனால்தான் அதன் எண் 6.06. ஒருமுறை தள்ளிவைத்த தேதியை மறுபடியும் தள்ள நேர்ந்தால், ஏதோ ஒரு வசதியை வெட்டியாக வேண்டும் என்று பொருள்.

வெளியீட்டு நாளுக்கு ஞாயிறு காலையைத் தேர்ந்தெடுப்பது எங்கள் வழக்கம். அன்று குழுவில் மூவராவது ஓய்வாக இருப்பார்கள், மாலைக்குள் ஏதாவது உடைந்தால் திருத்திவிடலாம். பதிப்பு எண்ணை இட்டு, மாற்றக் குறிப்பை மண்டிக்காரருக்குப் புரியும் தமிழில் எழுதி, அடுத்த பதிப்பின் தேதியை அதன் கடைசி வரியாகச் சேர்த்து வெளியிடுகிறோம். அந்த வரியை எழுதும் முன் இரவு ஷிப்ட் அட்டவணையை ஒருமுறை கேட்டுக்கொள்வேன்.